"கம்பெனி" 1970 காஸ்ட் ஆல்பம்: பதினான்கு குரல்களில் யார் யார் என்பது பிடிபடவில்லை, எப்படிக் கேட்பது?

மாலைநேர வானொலி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஸ்டீபன் சோண்ட்ஹைம் இசையமைத்துப் பாடல்களும் எழுதிய "கம்பெனி" என்ற பிராட்வே இசைநாடகத்தின் முதல் ஒலிப்பதிவை, அதாவது 1970ஆம் ஆண்டு நியூயார்க்கில் அதை மேடையேற்றிய நடிகர்களே பாடிய காஸ்ட் ஆல்பத்தை, மூன்று வாரங்களாகக் கேட்டு வருகிறேன். நாடகத்தை மேடையில் நான் பார்த்ததில்லை. பார்க்கும் வாய்ப்பும் இப்போதைக்கு இல்லை. என்னிடம் இருப்பது ஒரு மணி நேரத்துக்குச் சற்றேறக்குறைய ஓடும் இந்தப் பதிவு மட்டுமே.

இதற்கு முன் நான் கேட்ட காஸ்ட் ஆல்பங்களில் இந்தச் சிக்கல் எழவில்லை. அவற்றில் நாயகனும் நாயகியும் முதல் இருபது நிமிடங்களுக்குள் தத்தம் பாடல்களால் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்வார்கள். அதன் பிறகு எந்தக் குரல் வந்தாலும் ஆளைத் தெரிந்துவிடும். இங்கே முதல் பாடலிலேயே பாபி என்ற ஒருவரை நாலா பக்கத்திலிருந்தும் பலர் கூப்பிடுகிறார்கள், ஆளுக்கொரு செல்லப்பெயர் வைத்து அழைக்கிறார்கள், ஒரு குரலை நான் அடையாளம் கண்டுகொள்வதற்குள் வேறு நான்கு குரல்கள் அதன்மேல் ஏறிவிடுகின்றன. காகிதத்தில் பாத்திரங்களின் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். நான்காவது பாடலில் காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

இரண்டாவது குழப்பம் கதையைப் பற்றியது. வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவன் நான். திரையைப் பார்க்காமலேயே யார் உள்ளே வருகிறார், யார் அழுகிறார், எந்த உண்மை இப்போது வெளிப்பட்டது என்பதெல்லாம் காதிலேயே தெரிந்துவிடும். அந்தப் பழக்கத்தோடு இதன் முன் உட்கார்ந்தால், ஒரு பாடலுக்கும் அடுத்த பாடலுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதைச் சொல்ல எவருமே இல்லை. மூன்றாவதாக, எல்லோரும் பாபியைப் பற்றியே பாடுகிறார்கள், ஆனால் அந்தப் பாபி தனியாகப் பாடுவதோ மிகக் குறைவு. பதிவில் ஏதேனும் விடுபட்டிருக்கிறதா, அல்லது என் காதுதான் தவறவிடுகிறதா?

இவ்வளவு குழப்பத்துக்கும் நடுவில் இதை விட்டுவிடவும் முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நகரத்துக்கு வந்து இறங்கிக்கொண்டே இருக்கும் மனிதர்களைப் பற்றி ஒரு பெண் பாடும் பாடலை நாளுக்கு இரண்டு முறையாவது கேட்கிறேன். கடைசிப் பாடலில் பாபியின் குரல் உயரும் இடத்தில், அவர் யார், ஏன் பாடுகிறார் என்பது சரியாகத் தெரியாத நிலையிலும், என் கை வேலையை நிறுத்திவிடுகிறது. தெரிந்து கேட்டால் இது இன்னும் எவ்வளவு தரும் என்பதற்காகவே கேட்கிறேன். வசனப் பிரதியை முதலில் படித்துவிட்டுக் கேட்பது நல்லதா? குரல்களைப் பிரித்தறிய வழி உண்டா? பின்னாளில் வந்த பதிவுகள் இதைவிடத் தெளிவானவையா?


மூன்றாம் மணி எழுதியது:

உங்கள் காதில் குறை எதுவும் இல்லை. கதை தொடர்ச்சியாக நகரவில்லை என்று நீங்கள் கேட்டது சரியாகவே கேட்டது, ஏனென்றால் இந்த நாடகத்தில் அப்படி நகரும் கதை கிடையாது. ஜார்ஜ் ஃபர்த் என்ற நடிகர் தனித்தனியாகச் சில ஓரங்க நாடகங்களை எழுதி வைத்திருந்தார். அவற்றைச் சோண்ட்ஹைம் தயாரிப்பாளரும் இயக்குநருமான ஹெரால்ட் பிரின்ஸிடம் காட்ட, இதை இசைநாடகமாக்கலாம் என்று பிரின்ஸ் சொன்னார். திருமணமான தம்பதியரின் வீட்டுக் காட்சிகள் பலவற்றைக் கோப்பதற்கு ஒரு நூல் வேண்டியிருந்தது. அந்த நூலாக வந்தவர்தான் பாபி. முப்பத்தைந்தாவது பிறந்தநாளை எட்டியும் மணம் செய்துகொள்ளாத ஒரு நியூயார்க்வாசி, அவரை மாறி மாறி வீட்டுக்கு அழைக்கும் ஐந்து தம்பதியர், அவரோடு பழகும் மூன்று பெண்கள் என்று கூட்டினால் உங்கள் பதினான்கு குரல்களும் வந்துவிடும்.

அந்தப் பதினான்கு பேரைத் தவிர மேடையில் வேறு எவரும் இல்லை என்பது முக்கியமான செய்தி. அதற்கு முந்தைய பிராட்வே வழக்கத்தில் முதன்மை நடிகர்கள் ஒரு பக்கம் இருக்க, கூட்டமாகப் பாடுவதற்கென்றும் ஆடுவதற்கென்றும் தனிக் குழு இருக்கும். ஊர்மக்கள், சந்தைக்காரர்கள், விருந்தினர்கள் என்று அவர்கள் வேடம் மாற்றிக்கொண்டு வருவார்கள். "கம்பெனி"யில் தனிப்பாடல் பாடுபவரே அடுத்த பாடலில் கூட்டத்தில் ஒருவராகக் கரைந்துவிடுகிறார். ஆகவே "இப்போது பாடுவது யார்?" என்ற கேள்விக்குப் பல இடங்களில் "எல்லோரும், பாபியை நோக்கி" என்பதே சரியான பதில். முதல் பாடலில் குரல்களைப் பிரிக்க முயலாதீர்கள். பாபியின் இடத்தில் நீங்கள் நின்றுகொண்டு, உங்கள் மேல் அத்தனை பேருடைய அன்பும் ஒரே நேரத்தில் வந்து விழுவதாக எண்ணிக் கேளுங்கள். அந்தப் பாடலின் முடிவை நெருங்கும்போது அனைவரும் ஒரே ஓர் அசையை மிக நீண்ட நேரம் பிடித்து நிற்பார்கள். அந்த அன்பு எவ்வளவு இதமானது, எவ்வளவு மூச்சடைக்க வைப்பது என்ற இரண்டும் அந்த ஒற்றைச் சுரத்திலேயே இருக்கின்றன.

குரல்களை அறிய வேண்டுமென்றால் ஐந்து பேரை மட்டும் பழகிக்கொண்டால் போதும். கரகரப்பான, தாழ்ந்த, எதற்கும் அசைந்துகொடுக்காத குரல் ஜோஆன், பாடியவர் எலேன் ஸ்டிரிச். திருமண நாளன்று காலையில் மூச்சு விடாமல் படபடவென்று கொட்டித் தீர்ப்பவர் ஏமி, அது பெத் ஹௌலண்ட். நீங்கள் நாளுக்கு இரண்டு முறை கேட்கும் நகரத்துப் பாடலைப் பாடுபவர் மார்ட்டா, பமேலா மையர்ஸின் குரல். "பார்சிலோனா" பாடலில் தயங்கித் தயங்கிப் பதில் சொல்லும் விமானப் பணிப்பெண் ஏப்ரல், சூசன் பிரௌனிங். ஐந்தாவது பாபி, டீன் ஜோன்ஸ். மற்றவர்களைத் தம்பதியராக மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாடகமும் அவர்களைப் பெரும்பாலும் அப்படித்தான் நமக்குக் காட்டுகிறது.

பாடல்கள் கதையை நகர்த்துவதில்லை என்றேன். அவை காட்சிக்கு வெளியே நின்று காட்சியைப் பற்றிப் பேசுகின்றன, அதனால்தான் ஒலிப்பதிவில் மட்டும் கேட்பவருக்கு எதைப் பற்றிய பேச்சு என்பது பிடிபடாமல் போகிறது. தம்பதியர் சேர்ந்து செய்யும் சின்னச் சின்னக் காரியங்களைப் பற்றி ஜோஆன் பாடும்போது, மேடையில் வேறொரு வீட்டில் சாரா என்ற மனைவி தான் கற்றுவரும் கராத்தேயைத் தன் கணவன் ஹாரியிடம் செய்து காட்டிக்கொண்டிருக்கிறார், இருவரும் பாபியின் கண்ணெதிரில் ஒருவரையொருவர் தரையில் வீழ்த்திக்கொண்டிருக்கிறார்கள். இது தெரியாமல் கேட்டால் அது வெறும் சாமர்த்தியமான பாடல். தெரிந்து கேட்டால் ஒவ்வொரு வரியும் யார் மீதாவது போய் விழுகிறது.

அந்தக் காட்சியை அடுத்து வரும் பாடலில் நீங்கள் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். திருமணம் செய்துகொண்டதற்காக எப்போதாவது வருந்தியதுண்டா என்று பாபி ஹாரியிடம் கேட்கிறார். ஹாரி அதற்கு ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வருத்தமும் நன்றியும் ஒரே மூச்சில் இருக்கும் ஒரு பதிலைப் பாடத் தொடங்குகிறார். சிறிது நேரத்தில் டேவிடும் லாரியும் அதே மெட்டைத் தொடர்கிறார்கள். அவ்விருவரும் அந்த வீட்டில் இல்லை. வேறு வேறு குடும்பங்களின் கணவர்கள், அந்தக் கேள்வி கேட்கப்பட்டதே அவர்களுக்குத் தெரியாது. ஆல்பத்தில் நமக்குக் கேட்பது ஏறத்தாழ ஒரே தன்மையுள்ள மூன்று ஆண் குரல்கள் அடுத்தடுத்து வருவது மட்டுமே. நானும் தொடக்கத்தில் அது ஒரே ஆள் என்றுதான் நினைத்திருந்தேன். மூன்று வீடுகளிலிருந்து மூன்று பேர் ஒரே பதிலைச் சொல்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, குரல்களைப் பிரிக்க முடியாமல் போனதே பாடலின் பொருளாக எனக்கு மாறிவிட்டது.

பாபி குறைவாகப் பாடுகிறார் என்று நீங்கள் கவனித்ததும் உண்மை. இந்தப் பதிவில் அவருக்கென்று இருப்பவை இரண்டே தனிப்பாடல்கள். மற்ற இடங்களில் அவர் பிறருடைய பாட்டுக்குள் வந்து போகிறார். முதல் பகுதியின் முடிவுக்காக எழுதப்பட்ட இன்னொரு தனிப்பாடல் 1970இல் நாடகத்தில் சேர்க்கப்படவில்லை, 1990களின் மறுமேடையேற்றங்களிலிருந்துதான் அது வழக்கமாக இடம்பெறுகிறது. ஆகவே பிற்காலப் பதிவுகளில் அதைக் கேட்டால், உங்கள் பதிவில் விடுபட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம்.

இறுதிப் பாடலைப் பற்றி ஒரு குறிப்பு. பாஸ்டன் நகரத்து முன்னோட்ட மேடையேற்றத்தின்போது நாடகம் வேறொரு பாடலோடு முடிந்தது, அது மிகவும் கசப்பாக இருந்ததால் அதை எடுத்துவிட்டு இப்போதுள்ள பாடலைச் சோண்ட்ஹைம் எழுதினார். அதன் முற்பகுதியில் ஒரு துணை என்பவர் "உன்னை" என்னவெல்லாம் செய்வார் என்று பாபி பொதுவாக அடுக்கிக்கொண்டே போகிறார், புகார் சொல்வதுபோல. நண்பர்களின் உந்துதலுக்குப் பிறகு அதே வரிகள் திரும்ப வரும்போது "உன்னை" என்ற இடத்தில் "என்னை" வந்துவிடுகிறது, புகார்ப் பட்டியல் வேண்டுதலாகிவிடுகிறது. உங்கள் கை வேலையை நிறுத்தும் இடம் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

வசனப் பிரதியை இப்போதே படிக்க வேண்டாம் என்பது என் கருத்து. எந்தப் பாடல் எந்த வீட்டில், எந்தச் சூழலில் வருகிறது என்ற அளவுக்கு ஒரு பக்கச் சுருக்கம் போதும்.


பக்கவாத்தியம் எழுதியது:

மூன்றாம் மணி அவர்கள் நாடகத்தின் பக்கத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். சேர்ந்திசைக் குழுவில் பாடுபவன் என்ற முறையில் ஒலியின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில், நீங்கள் கேட்பது எப்படி உருவானது என்பதைத் தெரிந்துகொள்வது உதவும். நாடகம் 1970 ஏப்ரல் 26 அன்று ஆல்வின் அரங்கில் தொடங்கியது. அரங்கேற்றத்துக்குப் பின்வரும் முதல் ஞாயிற்றுக்கிழமையில் காஸ்ட் ஆல்பத்தைப் பதிவுசெய்வது அக்கால வழக்கம். அதன்படி மே 3ஆம் தேதி, மன்ஹாட்டன் கிழக்கு முப்பதாம் தெருவில் இருந்த கொலம்பியா நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அனைவரும் சென்றார்கள். அது முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம்; மிக உயர்ந்த கூரை கொண்டது. அங்கே வாத்தியக் குழுவும் நடிகர்களும் ஒரே கூடத்தில் நின்று, ஒரே நேரத்தில் வாசித்தும் பாடியும் பதிவுசெய்தார்கள். தயாரிப்பாளர் தாமஸ் ஷெப்பர்ட். வேலை காலையில் தொடங்கி மறுநாள் விடியும்வரை பதினெட்டு மணி நேரத்துக்கும் மேலாக நீண்டது. ஆவணப்பட இயக்குநர் டி. ஏ. பென்னபேக்கர் அதைப் படமாக்கியிருக்கிறார். நாடகத்தைப் பார்க்க வாய்ப்பில்லாத உங்களுக்கு, அந்தக் குரல்களுக்குரிய முகங்களைக் காண அதைவிட நல்ல வழி இல்லை. முதல் பாடலில் வரும் ஒரு செல்லப்பெயரின் உயிரெழுத்து சரியாக ஒலிக்கவில்லை என்று சோண்ட்ஹைம் திருத்துவதை அதில் பார்க்கலாம். அத்தனை பேர் சேர்ந்து கூவும் பாட்டில் ஒரு குறில் நெடில் மாறினால் யாருக்குக் கேட்கப்போகிறது என்று நமக்குத் தோன்றும், அவருக்குக் கேட்டது.

இந்தப் பின்னணியை ஏன் சொல்கிறேன் என்றால், பதிவின் முடிவை நெருங்கும்போது நாம் கேட்கும் களைப்பு சில இடங்களில் மெய்யான களைப்பு. ஸ்டிரிச் தம்முடைய பெரிய பாடலை, மதிய விருந்துகளில் காலம் கழிக்கும் சீமாட்டிகளுக்கு மதுக்கோப்பையை உயர்த்தும் அந்தப் பாடலை, அன்று கடைசியாகப் பாட வேண்டியிருந்தது. நள்ளிரவு தாண்டியும் திரும்பத் திரும்பப் பாடினார், குரல் ஒத்துழைக்கவில்லை. இறுதியில் வாத்திய இசையை மட்டும் பதிவுசெய்துகொண்டு அவரை அனுப்பிவைத்தார்கள். சில நாட்கள் கழித்து வந்து, அந்த இசையின் மேல் பாடி முடித்தார். ஆல்பத்தில் இருப்பது அந்தப் பிந்தைய பதிவு. ஆகவே மற்ற பாடல்களில் வாத்தியக்காரர்களும் பாடகரும் ஒருவரையொருவர் பார்த்து இழுத்துக்கொண்டு போவதாகவும், இதில் மட்டும் ஏற்கெனவே போடப்பட்ட பாதையில் அவர் ஒருவர் தனியாக நடப்பதாகவும் எனக்குக் கேட்கிறது. நான் அறிந்ததால் அப்படிக் கேட்கிறதா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் ஜோஆன் என்ற பாத்திரத்துக்கு அந்தத் தனிமை மிகவும் பொருந்துகிறது.

இப்போது கூட்டுக் குரல்களுக்கு வருகிறேன். நீங்கள் பதினான்கு என்று எண்ணினீர்கள், உண்மையில் அதற்கும் மேல். வாத்தியக் குழுவோடு நான்கு பெண்கள் அமர்ந்து பாடினார்கள், மேடையில் அவர்கள் தோன்றுவதில்லை. யாருடைய குரல் என்று சொல்ல முடியாத, சற்றே குளிர்ந்த, வாத்தியம் போன்ற பெண் குரல்கள் அவ்வப்போது பின்னால் மிதந்தால் அது அவர்களாக இருக்கலாம். பாத்திரங்களின் பட்டியலில் அவர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். உங்கள் காகிதம் தோற்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

ஜோனதன் டியூனிக் செய்த வாத்திய அமைப்பையும் தனியாக ஒருமுறை கேளுங்கள். தொடக்கத்தில் விட்டுவிட்டு வரும் அந்த ஒரே மாதிரியான துடிப்பு, தொலைபேசியில் மறுமுனை வேறொருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது வரும் ஒலியை ஒத்தது. நகரத்தில் எல்லோரும் எல்லோரையும் அழைத்துக்கொண்டே இருக்கிறார்கள், எவருக்கும் இணைப்புக் கிடைப்பதில்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு முதல் பாடல் எனக்கு வேறு பாடலாகிவிட்டது. மின்னணு விசைப்பலகையின் ஒலியும் பிராட்வேயின் பழைய செழிப்பான வயலின் ஒலியிலிருந்து இந்த நாடகத்தை விலக்கி, கண்ணாடியும் எஃகும் சூழ்ந்த இடத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. போரிஸ் ஆரன்சன் அமைத்த அரங்கமும் எஃகுச் சட்டங்களும் மின்தூக்கிகளும் கொண்டதாகத்தான் இருந்தது.

பயிற்சியாக ஏமியின் திருமணப் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. தேவாலயத்தில் ஒலிப்பதுபோல ஒரு சொப்ரானோ குரல், அதாவது உச்சத்தாயிப் பெண் குரல், நிதானமாக நீண்ட சுரங்களைப் பிடிக்கிறது, மணமகன் பால் நெகிழ்ந்து ஓர் இனிய வரியைப் பாடுகிறார், இரண்டுக்கும் நடுவில் ஏமி ஒரு மூச்சுக்குள் எத்தனை சொற்களை அடக்க முடியுமோ அத்தனையையும் கொட்டி, இந்தத் திருமணம் நடக்காது என்கிறார். பெரும்பாலோர் ஏமியை மட்டுமே பின்தொடர்வார்கள், நகைப்பும் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் மூன்று முறை கேளுங்கள்: முதலில் ஏமியை, பிறகு சொப்ரானோவை மட்டும், பிறகு பாலை மட்டும். பாலை மட்டும் கேட்கும்போது, அவருக்கு ஏமியின் அச்சம் துளியும் எட்டவில்லை என்பது எவ்வளவு பரிதாபமாக இருக்கிறது என்று பாருங்கள். கூட்டுப் பாடலில் பயிற்சி பெறும்போது எங்களுக்கும் இதைத்தான் சொல்லித் தருவார்கள்: உரத்த குரலை விட்டுவிட்டு நீண்ட சுரத்தைப் பிடி, மற்றவை தாமாகத் தெரியும்.


மாலைநேர வானொலி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று கணவர்களும் வெவ்வேறு வீடுகளில் இருக்கிறார்கள் என்ற ஒரு செய்தி தெரிந்ததும் உடனே எழுந்து போய் அந்தப் பாடலைக் கேட்டேன். இதுவரை நான் மெதுவான பாடல் என்று தாண்டிச் சென்றுகொண்டிருந்தது அதுதான்.

ஒரு துணைக் கேள்வி. டீன் ஜோன்ஸ் நாடகத்தில் நீண்ட நாள் நடிக்கவில்லை என்று எங்கோ படித்தேன். அப்படியானால் நாடகத்தைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் கேட்ட பாபி வேறொருவரா?


பக்கவாத்தியம் எழுதியது:

ஆம். அரங்கேறிய சில வாரங்களிலேயே ஜோன்ஸ் விலகிவிட, லாரி கெர்ட் அந்த இடத்துக்கு வந்தார். பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதுக்குப் பாபியாகப் பரிந்துரைக்கப்பட்டவரும் கெர்ட்தான், பொதுவாக மாற்று நடிகர்களுக்கு அது கிடைப்பதில்லை. 1972இல் நாடகம் லண்டனுக்குச் சென்றபோது, இதே 1970ஆம் ஆண்டுப் பதிவில் ஜோன்ஸின் குரலை எடுத்துவிட்டு அந்த இடங்களில் கெர்ட்டைப் பாடவைத்து லண்டன் ஆல்பமாக வெளியிட்டார்கள். ஆகவே சுற்றியுள்ள அத்தனை குரல்களும் அதே 1970ஆம் ஆண்டுப் பதிவில் பாடியவை, நடுவில் இருக்கும் மனிதர் மட்டும் மாறியவர். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். கெர்ட்டின் குரல் கனிவானது, மேடை இசைக்குப் பழகியது. ஜோன்ஸின் குரலில் ஏதோ ஒன்று உடையப்போவதுபோல ஓர் இறுக்கம் இருக்கிறது, அதனால் இறுதிப் பாடலுக்கு நான் ஜோன்ஸிடமே திரும்பத் திரும்பச் செல்கிறேன்.


நடைபாதை எழுதியது:

மேலே எழுதியவர்களின் ஆழமான ரசனையை மதித்துக்கொண்டே, இரண்டு இடங்களில் மாறுபடுகிறேன்.

வசனப் பிரதியைத் தள்ளிவைக்கச் சொல்வது சரியல்ல என்பது என் எண்ணம். காஸ்ட் ஆல்பம் என்பது நாடகத்தின் முழு வடிவம் அல்ல, பாடல்களை மட்டும் கோத்து எடுத்தது. இந்த நாடகத்திலோ பாதி அழுத்தம் வசனத்தில் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, கேள்வி கேட்டவர் விரும்பிக் கேட்கும் மார்ட்டாவின் நகரத்துப் பாடல் மேடையில் ஒரே மூச்சில் வருவதில்லை. பூங்கா இருக்கையில் பாபி தம் மூன்று தோழியரையும் ஒருவர்பின் ஒருவராகச் சந்திக்கும் சிறு காட்சிகள் அதன் இடையிடையே வந்து பாடலை நிறுத்துகின்றன, ஒவ்வொரு முறை பாடல் திரும்பும்போதும் நகரம் இன்னும் கொஞ்சம் கூட்டமாகவும் இன்னும் கொஞ்சம் அந்நியமாகவும் ஆகிவிடுகிறது. ஆல்பத்தில் அந்த இடைவெளிகளை மூடி ஒரே பாடலாக ஒட்டியிருக்கிறார்கள். கேட்பதற்கு அது அற்புதமாக இருக்கிறது, மறுக்கவில்லை, ஆனால் அந்தப் பாடல் எதற்காக எழுதப்பட்டது என்பது பிரதியைப் படித்தால்தான் தெரியும். இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் வரும் தொப்பியும் கைத்தடியுமான ஆட்டப் பாடலும் அப்படித்தான். மைக்கேல் பென்னட் அமைத்த அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு கணவரும் ஓர் அடி வைக்க அவருடைய மனைவி பதிலடி வைப்பார்; பாபியின் முறை வரும்போது அவர் அடி வைக்கிறார், பதில் சொல்ல எவரும் இல்லை. நாடகத்தின் சாரமான அந்த ஒரு கண மௌனத்தை வெறும் காதால் கேட்டு எப்படி அறிவது?

மாறுபடும் இரண்டாவது இடம், பதிவைப் பற்றியது. குரல்களைப் பிரிக்க இயலாமல் தவிப்பவருக்கு ஜான் டாய்ல் இயக்கிய 2006ஆம் ஆண்டு மேடையேற்றத்தின் பதிவையே நான் முதலில் கொடுப்பேன். அதில் தனி வாத்தியக் குழு கிடையாது, நடிகர்களே வாத்தியங்களையும் வாசிக்கிறார்கள். ஒலி மெலிதாகிவிடுவதால் ஒவ்வொருவருடைய சொல்லும் தெளிவாகக் கேட்கிறது. அதைவிட முக்கியமானது, சுற்றியுள்ள நண்பர்கள் எல்லோர் கையிலும் வாத்தியம் இருக்க, ராவுல் எஸ்பார்சா நடித்த பாபி அந்த இசையில் சேராமல் தனித்து நிற்பதும், கடைசிப் பாடலுக்கு அவரே பியானோவின் முன் வந்து அமர்ந்து வாசிக்கத் தொடங்குவதும்தான். அன்பு செய்ய முடிவெடுப்பதை ஒரு மனிதன் வாசிக்க முடிவெடுப்பதாகக் காட்டியது எனக்கு மிகப் பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றுகிறது.

மேரியன் எலியட் 2018இல் லண்டனில் இயக்கியபோது பாபி ஒரு பெண்ணாகிவிட்டார், ரோசலி கிரெய்க் நடித்தார். ஏமியின் இடத்தில் ஜேமி என்ற ஆண் வந்தார். அதையும் கேட்கலாம், ஆனால் முதன்முதலில் கேட்பதற்கு அது வேண்டாம். உங்கள் குழப்பம் கூடிவிடும்.


மூன்றாம் மணி எழுதியது:

நடைபாதை அவர்கள் சொன்ன பூங்கா இருக்கைக் காட்சிகளை நான் குறிப்பிடத் தவறியது பிழைதான். மார்ட்டாவின் பாடலை இத்தனை முறை கேட்பவர் அந்த ஒரு காட்சியின் வசனத்தையாவது படிக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆட்டத்தின் மௌனமும் அப்படியே.

2006ஆம் ஆண்டுப் பதிவை முதலில் கொடுப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அது அழகான பதிவு. ஆனால் அதில் ஒவ்வொரு குரலும் தெளிவாகப் பிரிந்து கேட்பதாலேயே, கூட்டம் என்ற ஒன்று இல்லாமல் போய்விடுகிறது. 1970ஆம் ஆண்டுப் பதிவில் பாபியைச் சூழ்ந்திருக்கும் அந்தப் பேரொலிதான் அவரை வாழவைப்பதும் வாழவிடாமல் தடுப்பதும். அதை முதலில் உடம்பில் உணர்ந்தவருக்குத்தான், பின்னர் டாய்லின் மேடையில் அந்த ஒலி சுருங்கி ஒரு பியானோவாக மிஞ்சுவது என்ன என்று புரியும். வரிசையை மாற்றினால் அந்த இழப்பு கேட்பவருக்குத் தெரியவே தெரியாது.


மாலைநேர வானொலி எழுதியது:

உங்கள் அனைவருடைய வழிகாட்டலோடும் இந்த வாரம் முழுவதும் கேட்டேன், அதைப் பதிந்துவைக்க வேண்டும் என்று தோன்றியது.

காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டேன். முதல் பாடலை அறை விளக்கை அணைத்துவிட்டு, பாபியின் இடத்தில் நின்று கேட்டேன். தொலைபேசித் துடிப்பு என்று தெரிந்ததும், இதுவரை நான் வெறும் தாளம் என்று நினைத்திருந்தது என்னைத் தொந்தரவு செய்யத் தொடங்கியது. அந்த நீண்ட ஒற்றை அசை வரும்போது, அவர்கள் எப்போது மூச்சு விடுவார்கள் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஏமியின் பாடலை மூன்று அடுக்காகக் கேட்கும் பயிற்சியில் பாலை மட்டும் பின்தொடர்வது எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. ஐந்தாவது முயற்சியில்தான் ஏமி சொற்களைக் கொட்டும்போது அவற்றைக் காதில் வாங்காமல் இருக்க முடிந்தது. அப்படி இருக்க முடிந்த கணத்தில், பாலும் இதைத்தானே செய்துகொண்டிருக்கிறார் என்று தோன்றியது.

மார்ட்டாவின் பாடலுக்குரிய பூங்கா இருக்கைக் காட்சியைப் படித்தேன், அதோடு நிறுத்திக்கொண்டேன். பாடலில் எங்கே அந்தத் தையல் இருக்கிறது என்று தேடினேன். இசை சற்றுப் பின்வாங்கி மீண்டும் எழும் இடங்களில் இப்போது என் மனத்தில் ஏப்ரலும் பாபியின் இன்னொரு தோழியான கேத்தியும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள்.

இறுதிப் பாடலில் "உன்னை" என்பது "என்னை" ஆகும் இடம் நான் நினைத்திருந்த இடத்துக்குச் சற்று முன்னதாகவே வருகிறது. என் கை நின்றது குரல் உயரும் இடத்தில், சொல் மாறியது அதற்கு முன்பே. இவ்வளவு நாளும் அந்தச் சொல் என்னை ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்ததை நான் அறியாமலிருந்திருக்கிறேன்.

லாரி கெர்ட் பாடிய அந்தப் பாடல் 1970ஆம் ஆண்டுப் பதிவின் குறுந்தகடு மறுவெளியீட்டில் கூடுதல் பாடலாகக் கிடைத்தது. அதை இரண்டு முறை கேட்டேன். பக்கவாத்தியம் அவர்கள் சொன்ன கனிவு இருக்கிறது, ஆனால் நானும் ஜோன்ஸின் பக்கமே சாய்கிறேன். டாய்லின் பதிவை இன்னும் தொடவில்லை. இந்தக் கூட்டத்தோடு மேலும் ஒரு மாதம் இருந்துவிட்டு அங்கே செல்லலாம் என்றிருக்கிறேன். அதற்குள் ஆவணப்படத்தையும் பார்த்துவிட்டால், விடியற்காலையில் ஸ்டிரிச் பாட முடியாமல் போன அந்த இடத்தைப் பற்றிக் கேட்க எனக்கு இன்னும் சில கேள்விகள் இருக்கும்.